அவள் உங்களிடம் சொல்லும்போது: குடும்ப வன்முறையில் முதல்முறை துணை நிற்பவர்களுக்கு

அது பெரிய அழுகையோடு வருவதில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதோ, பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, விசேஷ வீட்டில் பாத்திரம் ஒதுக்கும்போதோ சட்டென்று வரும். "நேத்து கை நீட்டிட்டாருக்கா." அவ்வளவுதான். அடுத்த நொடி பேச்சை மாற்றிவிடுவாள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைக் கேட்டவருக்கானது. அவளுடைய அக்காவோ, அம்மாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கூட வேலை செய்பவரோ, யாராகவும் நீங்கள் இருக்கலாம். சட்டம் தெரியாது, போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதித்தது இல்லை, என்ன சொல்வது என்றே புரியவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். சில ஆண்டுகளாக இப்படிப்பட்ட பெண்களோடு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூடப் போய் வருகிறேன். அங்கே கற்றதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன்.

அந்த ஒரு வரி எவ்வளவு அரியது என்பது முதலில் தெரிய வேண்டும். 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயதுவரை உள்ள, திருமணமான பெண்களில் இந்திய அளவில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அது 38.1 சதவீதம். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி கேட்டவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. போலீஸுக்குப் போனவர்கள் மிகச் சிலர். ஆக, உங்களிடம் சொன்னவள் பல மாதம், சில சமயம் பல வருஷம், யோசித்துவிட்டுத்தான் சொல்கிறாள். நீங்கள் தரும் முதல் பதிலைப் பொறுத்துத்தான் அவள் இரண்டாவது முறை வாயைத் திறப்பாள்.

முதல் படி: கேட்பது

"நீ என்ன செஞ்சே?" என்று கேட்காதீர்கள். கோபமில்லாமல், அக்கறையோடு கேட்டாலும் அவள் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போ", "குழந்தை பொறந்தா சரியாயிடும்", "நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்பவற்றையெல்லாம் அவளே தனக்குள் ஆயிரம் முறை சொல்லிப் பார்த்திருப்பாள்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "நீ சொன்னது நல்லதாப் போச்சு. இது உன் தப்பு இல்ல. இப்ப வீட்டுக்குப் போறது உனக்குப் பத்திரமா?" இந்த மூன்றாவது கேள்வி முக்கியம். அதற்கு அவள் உடனே பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முதல்முறை ஒரு பெண் என்னிடம் சொன்னபோது, அன்று மாலையே அவள் கணவருக்குப் போன் போட்டு, "நீங்க படிச்சவங்க, இப்படிச் செய்யலாமா?" என்று நியாயம் பேசினேன். அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார், மன்னிப்புக்கூடக் கேட்டார். மறுநாள் அவள் போன் அணைந்திருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். "ஏங்க்கா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. அவள் சம்மதம் இல்லாமல் கணவரிடமோ, மாமியாரிடமோ, அவளுடைய அண்ணனிடமோ ஒரு வார்த்தை பேசாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஜாடையாகக்கூட எதுவும் போடாதீர்கள். பெரியவர்களை வைத்துப் பேசும் பஞ்சாயத்து வேண்டுமா, எப்போது வேண்டும் என்பது அவள் முடிவு.

இரண்டாம் படி: ஆபத்தை எடைபோடுவது

எல்லா வீட்டிலும் ஆபத்து ஒரே அளவில் இருப்பதில்லை. எங்கே எதனால் கூடுகிறது என்று தெரிந்தால், இன்றே நகர வேண்டுமா, நிதானமாகத் திட்டமிடலாமா என்று அவளோடு சேர்ந்து யோசிக்க முடியும்.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது குடியைத்தான். அதில் உண்மையும் இருக்கிறது. அதே ஆய்வில், அடிக்கடி குடித்து நிலைதவறும் கணவர்களின் மனைவியரில் 70 சதவீதம் பேர் வன்முறையை அனுபவித்திருந்தார்கள். குடிக்காத கணவர்களின் மனைவியரில் அது 23 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. குடிக்காத வீட்டிலும் ஏறக்குறைய நான்கில் ஒருத்தி அடி வாங்கியிருக்கிறாள். குடி கையைக் கட்டவிழ்த்து விடுகிறது. ஆனால் யாரை அடிக்கலாம் என்ற கணக்கு போதையிலும் மறப்பதில்லை. டாஸ்மாக் வாசலில் நிற்கும் போலீஸ்காரரை அவர் அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கிறார். அதனால் "குடியை விட்டுட்டா தங்கமான மனுஷன்" என்று யாராவது சொன்னால், குடிக்காத நாட்களில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று அவளிடமே கேளுங்கள். குடிநோய்க்குச் சிகிச்சை கட்டாயம் வேண்டும். ஆனால் அவள் பாதுகாப்பு அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

படிப்பும் ஒரு காப்பு. பள்ளிக்கே போகாத பெண்களில் 40 சதவீதம் பேரும், 12 வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களில் 18 சதவீதம் பேரும் வன்முறையைச் சொல்லியிருக்கிறார்கள். பாதியாகக் குறைகிறது, இல்லாமல் போகவில்லை. சம்பாதிப்பது மட்டும் தனியாகக் காப்பதில்லை. வேலைக்குப் போகும் பெண் தன் சம்பளத்தைத் தன் கையில் வைத்திருக்கிறாளா என்பதுதான் கேள்வி. ஏ.டி.எம். கார்டு கணவரிடமும், சம்பள எஸ்.எம்.எஸ். அவர் போனுக்கும் போனால் அவள் உழைப்பது மட்டும்தான் மிஞ்சும். கணவருக்கு வேலை போன பிறகும், அவளுக்குப் பதவி உயர்வு வந்த பிறகும் அடி தொடங்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சின்ன வயதில் நடந்த கல்யாணம், அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைப் பருவம் (இருவரில் யாருக்கு இருந்தாலும்), தீராத வரதட்சணைப் பேச்சு, பெண் குழந்தை பிறந்ததற்கான ஏச்சு, கடன், ஊர்விட்டு ஊர் வந்து தெரிந்தவர் யாருமில்லாத வாழ்க்கை, இவை ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சம்மதம் இருக்கிறது. குறிப்பிட்ட ஏழு காரணங்களில் ஏதாவது ஒன்றுக்காவது கணவன் மனைவியை அடிக்கலாம் என்று அதே ஆய்வில் 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காரணங்களில் ஒன்று மாமனார் மாமியாரை மதிக்காதது. சாப்பாடு சரியாகச் சமைக்காததும் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டும் கதவைத் தட்டாமல் இருப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. "புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்று உண்மையாகவே நம்புகிறவர்கள். அவளும் அதே நம்பிக்கையில் வளர்ந்தவள்தான், அதனால்தான் சொல்ல இத்தனை நாளானது.

இவை பொதுவான காரணிகள். ஆனால் சில அடையாளங்கள் வந்துவிட்டால் நிதானத்துக்கு இடமில்லை. கழுத்தை நெரித்தது. "கொன்னுடுவேன்" அல்லது "நானும் செத்து உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றது. அரிவாளோ கத்தியோ மண்ணெண்ணெயோ கையில் எடுத்தது. கர்ப்பமாக இருக்கும்போது அடித்தது. ஓயாத சந்தேகம், எங்கே போனாலும் பின்தொடர்தல். அடிக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வருவது. இவற்றில் கழுத்தை நெரிப்பதைத் தனியாகச் சொல்கிறேன். "லேசாத்தான் பிடிச்சாரு, விட்டுட்டாரு" என்று பெண்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். முன்பு கழுத்தை நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்கு வரை அதிகம் என்று அமெரிக்காவில் 2008ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெளியே தடம் எதுவும் இல்லாமலேயே உள்ளே ரத்தக் குழாய் சேதமாகியிருக்கலாம். குரல் கம்மியிருந்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, கண்ணில் சிவப்புப் புள்ளி இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

வீட்டை விட்டு வெளியேறும் நேரமும், வெளியேறிய முதல் சில வாரங்களும்தான் பெரும்பாலும் மிக ஆபத்தானவை. அதனால் "கிளம்பி வந்துடு" என்று போனில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதற்கு முன்னால் அடுத்த படி முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒரு பை

அந்தப் பை உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். வாரம் ஒரு பொருள் வந்தால் போதும், வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், திருமணப் பதிவுச் சான்று அல்லது கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அவளுடைய மதிப்பெண் பட்டியல்கள். அசல் எடுக்க முடியாவிட்டால் நகல், அதுவும் முடியாவிட்டால் போனில் எடுத்த படம். இரண்டு செட் துணி, தினமும் போடும் மாத்திரை, குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை, கொஞ்சம் ரொக்கம்.

நகை விஷயத்தில் ஒரு வேலை உண்டு, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கல்யாண ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கழுத்தில், கையில், காதில் என்னென்ன இருக்கிறது என்று அவளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். "இது அம்மா போட்ட அஞ்சு பவுன் ஆரம், இது சித்தி செஞ்ச வளையல்." சீராக வந்த பாத்திரம், பீரோ, கட்டில், வண்டி எல்லாம் அதில் வரட்டும். அடகில் இருப்பவற்றின் ரசீது கிடைத்தால் படம் எடுங்கள். அவை சட்டப்படி அவளுடைய சீதனம், திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அன்று ஆல்பத்தைப் பார்த்து எழுதிய அந்த நோட்டுத் தாள் பின்னால் மனுவில் இணைப்பாகப் போகும்.

போனையும் மறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் வேறு கம்ப்யூட்டர் ஏதாவது இணைந்திருக்கிறதா பாருங்கள். கூகுள் மேப்பில் இருப்பிடம் யாருக்காவது பகிரப்படுகிறதா பாருங்கள். ஆனால் உடனே துண்டிக்காதீர்கள். திடீரென்று துண்டித்தால் அவருக்குத் தெரிந்துவிடும், வெளியேறும் நாளில் செய்வது நல்லது. ஆதாரில் கணவரின் எண் இணைந்திருந்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும். ஆதார் சேவை மையத்தில் அவளுடைய கைரேகையை வைத்தே எண்ணை மாற்றிக்கொள்ளலாம், பழைய எண் கையில் இருக்க வேண்டியதில்லை. அவள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, வேறொரு வங்கியில் இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். "அந்தப் புடவை டிசைன் அனுப்புறேன்" என்று அவள் சொன்னால் நீங்கள் 112க்குப் போன் செய்ய வேண்டும், இப்படி ஏதாவது ஒன்று. விவரம் தெரிகிற வயதில் பிள்ளை இருந்தால் அதற்கும் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லி வைக்கலாம். அம்மாவைக் காப்பாற்ற நடுவில் புகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான்காம் படி: காயம் இருந்தால் ஆஸ்பத்திரி

அரசு மருத்துவமனை நல்லது. அடிதடிக் காயத்தோடு போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், எல்லோரும் ஏ.ஆர். என்று சொல்வது அதைத்தான். அங்கே டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்கும் ஒரு நிமிஷம் வழக்கின் பாதி. கணவரோ மாமியாரோ பக்கத்தில் நின்றால் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றுதான் வாயில் வரும். அப்படியே பதிவாகிவிடும். பின்னால் அதை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே அவளைத் தனியாகப் பார்க்கும்படி டாக்டரிடமோ நர்ஸிடமோ நீங்கள் கேளுங்கள். யார் அடித்தது, எதனால் அடித்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று அவள் சொன்னால் போதும். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

காயத்தைப் போனில் படம் எடுக்கும்போது முகம் தெரிய ஒன்று, காயம் மட்டும் நெருக்கமாக ஒன்று. கன்றிப்போன காயம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நன்றாக நிறம் காட்டும், அன்றும் எடுங்கள். மிரட்டிய வாய்ஸ் மெசேஜ்களை அழிக்க வேண்டாம். உங்களுக்கு ஃபார்வர்டு செய்தாலும் மூலம் அவள் போனிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: யாரிடம் போவது

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உயிருக்கு ஆபத்து என்றால் 112 அல்லது 100. வேறு யோசனை வேண்டாம்.

என்ன செய்வது என்று பேசிப் பார்க்க வேண்டுமானால் 181. பெண்களுக்கான இந்த உதவி எண் 24 மணி நேரமும் வேலை செய்யும். தங்க இடமில்லை என்றால் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 'சகி' மையம் என்று சொல்வார்கள். 2015ல் தொடங்கிய திட்டம் அது. மருத்துவ உதவி, ஆலோசனை, போலீஸ், சட்ட உதவி ஆகியவற்றை ஒரே இடத்தில் தர முயல்கிறார்கள். பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம், அதற்கு மேல் வேண்டுமானால் தங்கும் இல்லத்துக்கு அனுப்புவார்கள்.

அடுத்தது பாதுகாப்பு அலுவலர். பெயரைக் கேட்டாலே பலருக்குத் தெரியாது. என் அனுபவத்தில், நிறையப் பெண்கள் கேட்கும் உதவிக்குச் சரியான கதவு இதுதான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார். பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இது: "அவர ஜெயில்ல போட வேணாங்க்கா. அடிக்காம இருந்தாப் போதும். புள்ளைங்களுக்குச் செலவுக்குக் குடுத்தாப் போதும்." 2005ல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்கள் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே வந்தது. அடியை மட்டும் அது வன்முறை என்று சொல்வதில்லை. பாலியல் வன்முறை, இழிவாகப் பேசுவது, செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது, நகையைப் பிடுங்கி வைப்பது, வீட்டை விட்டு வெளியேற்றுவது எல்லாம் அதில் வரும். திருமணத்துக்குள் நடக்கும் பாலியல் வன்புணர்வை, மனைவிக்கு 18 வயது நிறைந்துவிட்டால், நம் குற்றவியல் சட்டம் இன்னும் குற்றமாக ஏற்கவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின்கீழ் அதற்கும் நிவாரணம் கேட்கலாம். கூச்சத்தால் அதை மனுவில் விட்டுவிடுகிறார்கள். பெண் அலுவலரிடம் தனியாகச் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியப்படுத்துங்கள்.

பாதுகாப்பு அலுவலர் அவள் சொல்வதைக் கேட்டுக் குடும்ப வன்முறை அறிக்கை தயாரித்து நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கும், அந்தப் பகுதி காவல் நிலையத்துக்கும் அனுப்புவார். மனு எழுதவும் உதவுவார். இதற்குக் கட்டணம் இல்லை.

மூன்றாவது கதவு அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டவை இவை. கணவரோ அவர் உறவினர்களோ செய்யும் கொடுமைக்கு பாரதிய நியாய சன்ஹிதா 85ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலை 1க்கு முன்பு அதே குற்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில் இருந்தது. ஊரில் இன்றும் அந்தப் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள். புகார் கொடுத்த உடனே கைது நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

அந்தப் பேச்சுக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். கணவர் பக்கம் எட்டுப் பேர் வந்து நிற்பார்கள், இவள் ஒருத்தியாக ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். போகும்போது புகாரை இரண்டு நகலாக எழுதி எடுத்துப் போங்கள். கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். "சமாதானமாப் போறோம்னு எழுதிக் குடு" என்றால், அவள் முழுமனதோடு விரும்பினால் ஒழியக் கையெழுத்துப் போட வேண்டாம். விரும்பினாலும் வெற்றுத் தாளில் போடக் கூடாது. "இனி அடிக்க மாட்டேன், மாதம் இவ்வளவு தருவேன்" என்று கணவர் எழுதித் தந்து, அதன் நகல் அவள் கைக்கு வந்த பிறகே போட வேண்டும். போலீஸ் புகாரும் குடும்ப வன்முறைச் சட்ட மனுவும் ஒன்றுக்கொன்று தடை இல்லை, இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

வக்கீல் பீஸுக்குப் பயந்து நின்றுவிட வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஆறாம் படி: கோர்ட்

அவள் இப்போது எங்கே தங்கியிருக்கிறாளோ அந்த ஊர் நடுவர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் கணவரின் ஊருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அலைய வேண்டியதில்லை. மனுவில் என்னென்ன கேட்கலாம்? இனி வன்முறை கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் இருக்கும் உரிமை அல்லது வாடகை, அவளுக்கும் பிள்ளைகளுக்கும் மாதச் செலவு, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு, சீதனத்தைத் திருப்பித் தருவது, மன உளைச்சலுக்கு இழப்பீடு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்று மிரட்டுவார்கள். கணவரோடு குடும்பமாக வாழ்ந்த வீடு, கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் அது இந்தச் சட்டத்தின்படி பகிர்ந்து வாழ்ந்த வீடாகலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொத்துரிமை கிடைக்காது, ஆனால் சட்ட முறைப்படி அல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது. "எப்பவோ நடந்ததுக்கு இப்ப ஏன் வந்தே?" என்பார்கள். இந்த மனுவுக்கு ஒரு வருடக் காலக்கெடு எதுவும் இல்லை என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மனுக் கிடைத்ததிலிருந்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நோட்டீஸ் சேரவில்லை, எதிர்த் தரப்பு வக்கீல் வரவில்லை என்று வாய்தா மேல் வாய்தா போகும். அவளை இதற்கு முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள், இல்லாவிட்டால் நான்காவது வாய்தாவில் மனம் விட்டுவிடுவாள். அதனால்தான் இடைக்கால உத்தரவை மனுவோடு சேர்த்தே கேட்கச் சொல்கிறேன். ஆபத்து தெளிவாக இருந்தால் எதிர்த் தரப்பைக் கேட்காமலேயே நடுவர் இடைக்கால உத்தரவு போடலாம்.

உத்தரவு வந்ததும் நகலை நான்கைந்து பிரதி எடுங்கள். ஒன்று உள்ளூர் காவல் நிலையத்துக்கு, ஒன்று பிள்ளையின் பள்ளிக்கு, ஒன்று அவள் வேலை செய்யும் இடத்துக்கு, ஒன்று உங்களிடம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும், ஜாமீனில் விட முடியாத குற்றமாக அது வைக்கப்பட்டிருக்கிறது. அவர் தெருமுனையில் வந்து நின்றால் சண்டை போட இறங்காமல், படம் எடுத்து, நேரம் குறித்து, ஸ்டேஷனுக்குப் போன் செய்யுங்கள்.

அவள் திரும்பிப் போனால்

போவாள். பலரும் போகிறார்கள், சிலர் பலமுறை. பிள்ளை அப்பாவைக் கேட்கும், தங்கை கல்யாணம் நிற்கும், அவர் காலில் விழுவார், அம்மா வீட்டில் ஒரு மாதம் கழிந்ததும் "எப்ப போற?" என்ற பேச்சு வரும். அப்போது உங்களுக்குக் கோபம் வரும். இவ்வளவு அலைந்தோமே என்று வலிக்கும். அந்தக் கோபத்தை அவளிடம் காட்டிவிட்டால், அடுத்த முறை அவளுக்குச் சொல்ல ஆள் இருக்காது.

நம் பத்திரிகைகளில், மணமான பெண் இறந்த செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு வரி உண்டு: "திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் என்பதால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது." அந்தச் செய்தியில் வரும் பெண்களில் எத்தனை பேர் ஒருமுறை யாரிடமாவது சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவர்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

ஆகவே போகட்டும். போகும்போது அந்தச் சொல், புடவை டிசைன், இன்னும் நடப்பில் இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். வாரம் ஒருமுறை சும்மா பேசுங்கள், வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரை அவசரப்பட்டு வாபஸ் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள், வக்கீலைக் கேட்டுச் செய்யட்டும். ஆல்பத்தைப் பார்த்து எழுதிய தாளும் ஏ.ஆர். எண்ணும் சி.எஸ்.ஆர். ரசீதும் பைக்குள் இருக்கின்றனவா பாருங்கள். பையைக் கொடுத்து அனுப்பாதீர்கள், உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். குழந்தை வளர்ந்திருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த அளவுத் துணியை மட்டும் மாற்றி வையுங்கள்.